சிவகிரியின் தண்ணீரும் கப்பி மீன் என்னும் அமானிதமும்



மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ராஜபாளையத்தைத் தாண்டிச் சேத்தூர் வழியே தென்மேற்காக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பயணம் செய்தால் சிவகிரியை அடையலாம். வலப்புறத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நம்மோடு கூடவே வரும். இடப்புறத்தில் நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் விரிந்து கிடக்கும். முற்காலத்தில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், இன்று தனி வட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, 2019ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது.

சிவகிரி என்ற பெயரில் வேறு ஊர்களும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் ஒன்று இருக்கிறது. கேரளத்தின் வர்க்கலையில், நாராயண குருவின் நினைவிடம் அமைந்துள்ள குன்றுக்கும் அதே பெயர்தான். நாம் இங்கே பேசப்போவது பாளையக்காரர் காலத்திலும் பின்னர் ஜமீன் காலத்திலும் பெயர்பெற்றிருந்த, மலையடிவாரத்துச் சிவகிரியைப் பற்றி. ஆயினும் கோட்டை கொத்தளங்களைக் காண உங்களை அழைக்கவில்லை. இவ்வூரின் தண்ணீரைக் காணவும், அந்தத் தண்ணீர் நம் வீட்டுத் தொட்டிக்குள் வந்தபின் அதில் நீந்தும் ஒரு சின்னஞ்சிறு உயிரைக் காணவுமே அழைக்கிறோம்.

மலைக்கு மேற்கே நதி, கிழக்கே குளம்

கேரளத்தின் பெருநதியான பெரியாறு 244 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலைச் சேருகிறது. அந்நதி பிறக்குமிடம் எது என்று பாடநூல்களைப் புரட்டினால் ‘சிவகிரி மலை’ என்று இருக்கும். இவ்வூருக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைத்தொடர்தான் அது. ஊரின் பெயர் கொண்ட மலையிலே நதி பிறந்தும், அந்நதி ஊரின் பக்கம் திரும்பாமல் மேற்கே சென்றுவிடுகிறது! தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்ள, கிழக்குச் சரிவில் உள்ள ஊர்கள் மழை மறைவுப் பகுதியாகிவிடுகின்றன.

மேற்கே ஓடும் நீரில் ஒரு பங்கையேனும் கிழக்கே திருப்ப முன்னோர் முயன்றதுண்டு. மலைமேல் இருந்த செண்பகவல்லித் தடுப்பணை அத்தகைய ஏற்பாடாகும். 1960களில் அது உடைந்தது. அதனைச் சீரமைத்துத் தரவேண்டும் என்று சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்து விவசாயிகள் பல்லாண்டுகளாகக் கோரி வருகின்றனர். இதே மலைத்தொடரின் வடபகுதியில் முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டு, 1895ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டதை நாம் அறிவோம். அந்த வாய்ப்பு இவ்வட்டாரத்துக்குக் கிட்டவில்லை.

ஆகவே இப்பகுதியின் வேளாண்மை பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் மலை ஓடைகளையும் குளங்களையும் நம்பியிருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்து குளம் நிறைந்தால் மகிழ்ச்சி. பொய்த்தால் கிணறும் வற்றும். இத்தகைய மண்ணில் பிறந்தவர்களுக்குத் தண்ணீரைச் சேமிப்பது இயல்பாகவே அமைந்துவிட்ட பழக்கம். வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், செம்புக்குடம், அண்டா என்று எதிலேனும் நீர் நிரம்பி இருக்கும். தண்ணீரின் அருமை தெரிந்த மக்களின் பாராட்டத்தக்க பண்பு இது. எனினும் இந்தச் சேமிப்பினுள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது.

சேமித்த நீரில் வளரும் பகை

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நாம் குளிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த நீரைத்தான் அது நாடுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் முட்டைகள் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டி காய்ந்துபோனாலும் அவை பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஊற்றியதும் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களுக்குள் புழு, கூட்டுப்புழு என்று வளர்ந்து கொசுவாகிப் பறந்துவிடும். அக்கொசு பெரும்பாலும் தான் பிறந்த வீட்டைச் சுற்றியே, மிஞ்சினால் 400 மீட்டர் தொலைவுக்குள், வாழ்ந்து பகலில் கடிக்கிறது. அப்படியானால் நம் பிள்ளையைக் கடிக்கும் கொசு எங்கே பிறந்திருக்கும்? நம் வீட்டுத் தொட்டியிலோ அண்டை வீட்டுத் தொட்டியிலோதான்!

2012ஆம் ஆண்டு இந்த உண்மையை நமக்குக் கசப்போடு கற்பித்தது. அவ்வாண்டுக் கோடையில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்கு பரவியபோது, சிவகிரிக்குத் தெற்கே உள்ள கடையநல்லூர் வட்டாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நம் சமுதாய மக்கள் பெருந்திரளாக வாழும் ஊர் அது. அவ்வாண்டில் தமிழகம் முழுவதிலும் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகவும், 66 பேர் உயிரிழந்ததாகவும் அரசின் கணக்கு கூறுகிறது. டெங்குவை நேரடியாகக் குணப்படுத்தும் தனி மருந்து இன்றும் இல்லை. கொசு பிறவாமல் தடுப்பதே சிறந்த காப்பு.

தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, இறுக மூடி வைப்பது முதல் வழி. காலி செய்ய முடியாத பெரிய தொட்டிகளுக்கும் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டிகளுக்கும் ஒரு துணைவழி உண்டு. அத்துணைவனின் பெயர் கப்பி மீன்.

கடல் கடந்து வந்த விருந்தாளி

கப்பியின் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதனையடுத்த டிரினிடாட் தீவும் ஆகும். 1859ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் இதனை முதன்முதலில் விவரித்தார். டிரினிடாட்டில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பவர் இம்மீன்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்க, 1866இல் அவர் பெயரே மீனுக்கும் சூட்டப்பட்டது. அறிவியல் பெயர் பிற்பாடு மாறியபோதும் மக்கள் வழக்கில் ‘கப்பி’ நிலைத்துவிட்டது. கொசுப்புழுக்களை விரும்பி உண்ணும் இயல்பு காரணமாக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வளர்ந்த கப்பி ஒன்று ஒரு நாளில் 80 முதல் 100 கொசுப்புழுக்கள் வரை உண்ணும் என்று நம் நாட்டின் கொசு ஒழிப்புத் துறையினர் கூறுகின்றனர்.

இம்மீனின் வண்ணத்திலும் ஒரு பாடம் உண்டு. ஆண் மீன் ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டிய உடலில் ஆரஞ்சு, நீலம், கறுப்பு என்று பல நிறங்களைத் தாங்கியிருக்கும். பெண் மீன் அதைவிடப் பெரியது, நிறம் குறைந்தது. 1970களில் ஜான் எண்ட்லர் என்ற ஆய்வாளர் டிரினிடாட்டின் மலை ஓடைகளில் இவற்றைக் கூர்ந்து கவனித்தார். பெரிய மீன்கள் வேட்டையாடும் கீழ்நீரில் ஆண் கப்பிகள் மங்கிய நிறத்துடனும், அருவிகளுக்கு மேலே அப்பகை குறைந்த ஓடைகளில் பளிச்சிடும் நிறத்துடனும் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு விரற்கடை மீனுக்குள்ளும் அல்லாஹ் வைத்திருக்கும் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்!

இன்று வண்ண மீன் என்றதும் சென்னைக் கொளத்தூரின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். அங்கே பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்ப்பையும் வணிகத்தையும் வாழ்வாதாரமாகக் கொண்டுள்ளன. கொளத்தூர் வரை போகாமலே, நம் பக்கத்து நகரங்களின் மீன் கடைகளிலும் கப்பி எளிதாகக் கிடைக்கிறது. விலை குறைவு என்பதால் பிள்ளைகள் கேட்டவுடன் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கைநிறைய உணவைத் தூவி, ஒரு வாரத்தில் மீன் மிதந்ததும் “அற்ப ஆயுள்” என்று சொல்லிக் கொட்டிவிடுகிறோம். கப்பியின் இயல்பான ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

தொட்டி அமைக்கும் முறை

வட்டக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ 50 லிட்டர் நீர் கொள்ளும். அதில் பத்துப் பதினைந்து கப்பிகள் வசதியாக வாழும். நீரோடு சேர்த்து அதன் எடை 60 கிலோவை நெருங்கும் என்பதால் உறுதியான மேசை வேண்டும். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். நீர் சூடேறும், பாசி படரும்.

குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் மீனின் செவுள்களை அரித்துவிடும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்த பின்னரே அந்நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். இவ்வட்டாரத்தின் கிணற்று நீர் சற்று உப்பாகவும் கடினமாகவும் இருந்தால் கவலை வேண்டாம். கப்பிக்கு அத்தகைய நீர் ஒத்துக்கொள்ளும்.

தொட்டி வைத்த அன்றே மீன்களை நிரப்புவது கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு உண்டாகிறது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேற மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். எனவே இரண்டு மூன்று மீன்களோடு தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். முழுத் தொட்டியையும் கவிழ்த்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த நல்ல நுண்ணுயிர்களும் அழியும், மீனும் சாகும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிந்து அலசுங்கள். அவ்வாறு எடுத்த நீரை வீணாக்காமல் கறிவேப்பிலைக்கோ மல்லிகைக்கோ ஊற்றுங்கள். அது நல்ல உரமும் ஆகும்.

உணவு: குறைவே நிறைவு

வீட்டுத் தொட்டியில் கப்பிகள் மடிவதற்குப் பட்டினியைவிட மிகை உணவே பெரும்பாலும் காரணமாகிறது. கப்பியின் இரைப்பை ஏறத்தாழ அதன் கண்ணளவுதான். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவே போதும். மிஞ்சியது அடியில் அழுகி நீரைக் கெடுக்கும். கடையில் விற்கும் தூள் உணவை விரல்களுக்கிடையே நசுக்கிப் பொடியாக்கிப் போடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உயிருணவு கொடுத்தால் நிறமும் வளர்ச்சியும் கூடும். கடையில் கிடைக்கும் ஆர்ட்டீமியா, நீர்த்தெள்ளு ஆகியவை நல்லவை. வேகவைத்து மசித்த பசலைக்கீரையும் உண்ணும். அவித்த முட்டையின் மஞ்சள் கரு சத்தானது. ஆனால் ஊசிமுனையளவே போடவேண்டும்.

உங்கள் வீட்டு டிரம்மில் கொசுப்புழு தென்பட்டால் வலையால் அள்ளி, கழுவி, அதையே மீனுக்கு இடுங்கள். மீனுக்காகவென்று கொசுப்புழு வளர்க்க முனைவது மட்டும் கூடாது. ஒரு நாள் மறந்தாலும் அவை கொசுக்களாகிவிடும்.

வாரத்தில் ஒரு நாள் வளர்ந்த மீன்களுக்கு உணவின்றி விடுவது நன்று. வெளியூர்த் திருமணத்துக்கு மூன்று நான்கு நாள்கள் செல்ல நேர்ந்தால் நலமாக உள்ள கப்பிகள் பசி தாங்கும். புறப்படும் நாளில் சேர்த்துப் போட்டுவிட்டுப் போவதுதான் தீங்கு. உம்ரா போன்ற நீண்ட பயணமானால், ஒரு நாளைய உணவை ஒரு பொட்டலம் என்று மடித்துப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படையுங்கள்.

குஞ்சுகளும் கோடையும்

கப்பி முட்டையிடுவதில்லை, குட்டிபோடும். மூன்று முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகள், சில வேளை அதனினும் மிகுதியாக ஈனும். ஒருமுறை இணைந்த பெண், பின்னர் ஆண் துணை இல்லாமலேயே பல மாதங்கள் தொடர்ந்து ஈனக்கூடும். பிறந்த குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தின்றுவிடும் என்பதால், ஒளிந்துகொள்ள வேலம்பாசி போன்ற அடர்ந்த நீர்ச்செடி தேவை. ஆண்கள் பெண்களை ஓயாது துரத்தும் இயல்புடையவை; ஆதலால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற கணக்கில் வையுங்கள். இத்தனை குஞ்சுகளை வளர்க்க இடமில்லை என்று கருதும் குடும்பம் ஆண் மீன்களை மட்டும் வாங்குவதே அறிவுடைமை.

22 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் கப்பிக்கு ஏற்றது. சித்திரை வெயிலில் நீர் 30 பாகையைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது காற்றுக் குழாயை ஓடவிட்டு, சிறிது நீரை மாற்றி, அறையை நிழலாக்குங்கள். மின்சாரம் நின்றால் ஒரு கோப்பையால் நீரை அள்ளி மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாலே போதும், மீன்கள் தேறும். துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்கும் மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ஐந்து லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு என்ற அளவில் கரைத்து வைத்தால் தொடக்க நிலைத் துடுப்பழுகலில் அது பலன் தருவதுண்டு. கொசு மருந்து தெளிக்கும்போது தொட்டியை மூடிக் காற்றுக் குழாயை நிறுத்துங்கள். அம்மருந்துகளில் பல, மனிதருக்குச் சிறு எரிச்சலும் மீனுக்கு மரணமும் ஆகும்.

மார்க்கம் கற்றுத்தரும் பொறுப்பு

“இவ்வளவு சிறிய மீனுக்கு இத்தனை கவனமா?” என்று கேட்கத் தோன்றலாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வளர்த்து வந்தார். அது இறந்துபோக, வாடியிருந்த அச்சிறுவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றிப் பரிவோடு விசாரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பிள்ளைகள் சிற்றுயிர்களை வளர்க்கலாம் என்பதற்கு இதனை அறிஞர்கள் சான்றாகக் காட்டுவர். அதே நூல்களில், ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்குள்ளான செய்தியும் இருக்கிறது. முதலாவது நமக்கு அனுமதி; இரண்டாவது எச்சரிக்கை.

கண்ணாடிச் சுவருக்குள் இருக்கும் மீனும் தானே இரை தேடவியலாத உயிர்தான். அதன் நீரும் உணவும் காற்றும் முழுவதும் நம் கையில் உள்ளன. எனவே அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிள்ளை மீன் கேட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் உணவிடும் நேரத்தையும் நீர் மாற்றும் நாளையும் அதன் பொறுப்பிலேயே விட்டு, பெரியவர்கள் மேற்பார்வை செய்யுங்கள். தொழுகைக்கு நேரம் பார்க்கப் பழகும் பிள்ளைக்கு இதுவும் ஓர் ஒழுங்கைக் கற்பிக்கும். ஒளுச் செய்யும் பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பில் குந்தி, உள்ளே நீந்தும் மீன்களை எண்ணிப் பார்த்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டல்லவா? அந்த வியப்பைப் பரிவாக வளர்த்தெடுப்பது பெற்றோரின் கடமை.

ஓடையில் விடாதீர்கள்

இறுதியாக ஒரு வேண்டுகோள். மீன் பெருகிவிட்டது என்றோ, சலித்துவிட்டது என்றோ கருதி, கப்பிகளைக் குளத்திலோ மலை ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். புண்ணியம் என்று எண்ணிச் செய்யும் இச்செயல் பிற உயிர்களுக்குக் கேடாக முடியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு மீன்கள் பல வாழ்கின்றன. எந்த நீரிலும் பிழைத்து மாதந்தோறும் பெருகும் கப்பி, அவற்றின் உணவைப் பங்குபோட்டு, முட்டைகளையும் இளங்குஞ்சுகளையும் தின்று, அவற்றை ஒடுக்கிவிடக்கூடும். நம் வயல்களிலும் குளங்களிலும் தலையில் ஒரு வெள்ளிப் புள்ளியோடு நீரின் மேற்பரப்பை ஒட்டி நீந்தும் நாட்டுச் சிறுமீன், கொசுப்புழு தின்னும் வேலையை முன்னமே செய்துகொண்டிருக்கிறது. கப்பியின் இடம் வடிகால் இல்லாத, ஓடையோடு தொடர்பற்ற தொட்டியே ஆகும். மிகுந்த மீன்களை நண்பர்களுக்கோ கடைக்காரருக்கோ கொடுத்துவிடுங்கள். அண்டை வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு நாலைந்து கொடுத்தால் கொசுவுக்கு எதிரான காவல் இரு வீட்டுக்கும் ஆகும்.

சிவகிரி வழியாக என்றேனும் பயணம் செய்தால், மழைக்காலத்தில் அங்குள்ள ஒரு குளத்தின் கரையில் பிள்ளைகளோடு சற்று நில்லுங்கள். மேற்கே நிற்கும் மலையைக் காட்டி, நதியொன்றின் பிறப்பையும் அந்நீர் கிட்டாத ஊரின் உழைப்பையும் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை அரிய அருட்கொடை என்பதும், அதிலுள்ள உயிர்களைக் குறித்து நாம் கேட்கப்படுவோம் என்பதும் அவர்கள் உள்ளத்தில் பதியட்டும். வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். புழு நெளிகிறதா என்று கவனித்து, தேய்த்துக் கழுவி, மூடுங்கள். வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை நோயிலிருந்து காத்து, நம் பொறுப்பில் உள்ள எல்லா உயிர்களிடத்தும் இரக்கம் காட்டும் நல்லுள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.